வளைகுடாவுக்குப் போகும் தம்பியும் மும்பை வசவும்

தாராவி 90 அடி சாலையில் இருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு வயது 24. ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக் வேலை உறுதியாகிவிட்டது, அடுத்த மாதம் பயணம். நல்ல உழைப்பாளி, ஆனால் கோபம் வந்தால் வாயில் முதலில் வருவது இந்தி வசவுதான். கையும் சும்மா இருக்காது. "அங்கே நடுவிரலைக் காட்டினாலே ஜெயில் என்கிறார்களே, உண்மையா அண்ணாச்சி? அவனிடம் என்ன சொல்லி அனுப்புவது?" என்பது கேள்வி.

உண்மைதான். ஆனால் "ஜெயில்" என்ற ஒற்றைச் சொல்லைச் சொல்லி அவனைப் பயமுறுத்தினால் ஒரு வாரம்கூட நிற்காது. எது, ஏன், எப்படி நடக்கிறது என்று அவனுக்குப் புரிய வேண்டும். நான் ஷார்ஜாவிலும் துபாயிலும் கட்டடப் பராமரிப்பு ஒப்பந்த வேலையில் 19 ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். சூப்பர்வைசராக இருந்த காலத்தில் நான்கு பையன்களுக்காகக் காவல் நிலையத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். நான்கு பேரும் திருடியவர்கள் அல்ல, யாரையும் அடித்தவர்களும் அல்ல. வாய்தான் காரணம். அதனால் இந்தக் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

முதலில் மும்பையைப் பற்றிச் சொல்கிறேன். காலை எட்டரை மணிக்கு விரார் வண்டியில் ஏறியிருப்பவர்களுக்குத் தெரியும். முழங்கை இடிக்கிறது, தாயையும் தங்கையையும் இழுத்து ஒரு சொல் பறக்கிறது, பதிலுக்கு இன்னொன்று வருகிறது. தாதர் வந்ததும் இருவரும் இறங்கி ஆளுக்கொரு படிக்கட்டில் போய்விடுகிறார்கள். "சாலா" என்பது மனைவியின் தம்பியைக் குறிக்கும் உறவுச் சொல் என்பதைச் சொல்பவனும் நினைப்பதில்லை, கேட்பவனும் நினைப்பதில்லை. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இந்த வசவுகள் மூச்சு விடுவதைப் போல. திருநெல்வேலியில் தாத்தா முன்னால் சொல்லவே முடியாத சொல்லை, மும்பையில் இந்தியில் அப்பா முன்னாலேயே சொல்கிறார்கள். நம் சட்டத்திலும் இது குற்றம்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 296-ஆவது பிரிவு, பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாகும்படி ஆபாசச் சொல் பேசினால் மூன்று மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பெண்ணின் மானத்தைக் குலைக்கும் சொல்லுக்கும் சைகைக்கும் 79-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் வண்டியில் திட்டு வாங்கியவர் யாரும் காவல் நிலையத்துக்குப் போவதில்லை. ஆகவே பையன் ஒரு பழக்கத்தைச் சுமந்துகொண்டு விமானம் ஏறுகிறான்; அது பழக்கம் என்பதே அவனுக்குத் தெரியாது.

அங்கே திட்டு வாங்கியவர் புகார் கொடுக்கிறார், போலீசும் அதை எடுத்துக்கொள்கிறது. இதுதான் பெரிய வேறுபாடு. ஷார்ஜாவும் துபாயும் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தில் ஒருவரை அவமதிப்பது தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். நேருக்கு நேர் சொன்னாலும் சரி, காருக்குள்ளிருந்து விரலைக் காட்டினாலும் சரி. அபராதம், சிறை, வெளிநாட்டவர் என்றால் அதோடு நாடுகடத்தலும் சேரலாம். அதே வசவு கைப்பேசியில் போனால் கதை இன்னும் கடுமை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு இணையக் குற்றச் சட்டம் (34-ஆம் எண்) இணையம் வழியாக ஒருவரை அவமதித்தால் சிறை, 2,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டில் ஒன்று என்கிறது. மாதம் 1,500 திர்ஹம் வாங்கும் மெக்கானிக் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால்கூட, அந்தக் கீழ்வரம்பை எட்ட ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் ஆகும். நீதிபதிகள் மிகக் குறைவான தொகையோடு முடித்த வழக்குகளும் உண்டு. ஆனால் அதை நம்பிக்கொண்டு யாரும் விமானம் ஏறக் கூடாது.

"வாட்ஸ்அப்பில் அவனுக்கு மட்டும்தானே அனுப்பினேன், ஊருக்கா சொன்னேன்?" என்று பையன்கள் கேட்பார்கள். ஒருவருக்கு மட்டும் அனுப்பினாலும் அது செய்திதான். குரல் பதிவும் செய்திதான், நடுவிரல் பொம்மையும் (இமோஜி) செய்திதான். இன்னும் சொன்னால், வாயால் சொன்னதற்குச் சாட்சி தேட வேண்டும். கைப்பேசியில் அனுப்பியதற்கு அதுவே சாட்சி. நாள், நேரம், எண் எல்லாம் அதிலேயே இருக்கிறது.

தண்டனையைவிட எனக்கு அதிகம் வலித்த இடம் ஒன்று உண்டு. அதைத்தான் உங்கள் தம்பியிடம் முதலில் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்த்த ஒரு பையனுக்கு, அவனும் மும்பைத் தமிழன்தான், மூன்று மாதச் சம்பளம் பாக்கி. முழு நியாயமும் அவன் பக்கம். ஊரில் தங்கை கல்யாணம் நெருங்குகிறது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, தொழிலாளர் தங்கும் கேம்ப் அறையில் படுத்துக்கொண்டு கணக்குப் பிரிவு மேலாளருக்கு நாற்பது விநாடிக் குரல் பதிவு ஒன்றை அனுப்பினான். அதில் சம்பளம் என்ற சொல் ஒருமுறை வந்தது. மற்றதெல்லாம் அந்த மேலாளருடைய தாயைப் பற்றியது. சனிக்கிழமை காலை மேலாளர் காவல் நிலையத்துக்குப் போனார். அன்று முதல் அந்த அலுவலகத்தில் சம்பளப் பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. பதிவைப் பற்றித்தான் பேச்சு. கடைசியில், "நீ சம்பளப் புகாரை விட்டுவிடு, நான் வசவுப் புகாரை விட்டுவிடுகிறேன்" என்று சமரசம் நடந்தது. மூன்று மாத உழைப்பை நாற்பது விநாடிக்குக் கொடுத்துவிட்டு அவன் ஊர் வந்து சேர்ந்தான். நான் அந்த அறையில்தான் இருந்தேன். அவனுடைய நியாயத்தை யாரும் பறிக்கவில்லை. அவனே எடுத்து எதிராளி கையில் கொடுத்தான். இன்றும் நினைத்தால் மனம் ஆறவில்லை.

அவனுக்கு வழி இல்லாமல் போகவில்லை என்பதுதான் வேதனை. அங்கே சம்பளம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும் என்ற ஏற்பாடு 2009 முதலே இருக்கிறது. வராவிட்டால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம். 2024 தொடக்கத்திலிருந்து, 50,000 திர்ஹத்துக்கு மேற்படாத பிணக்குகளில் அமைச்சகமே முடிவு சொல்ல அதிகாரம் வந்திருக்கிறது. சாதாரணத் தொழிலாளியின் சம்பளப் பாக்கி பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் வரும். ஆனால் அதே நாட்டுத் தொழிலாளர் சட்டத்தின் 44-ஆவது பிரிவு, முதலாளியையோ மேலாளரையோ உடன் வேலை செய்பவரையோ சொல்லால் தாக்கினாலும் முன்னறிவிப்பு இல்லாமல் வேலையைவிட்டு நீக்க இடம் கொடுக்கிறது. நியாயம் கேட்கப் போகிறவன் வாயில் வசவோடு போனால் என்ன நடக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது மொழி. "நம் பாஷை அவனுக்குப் புரியாது" என்று எண்ணிக்கொண்டு திட்டுகிறவர்கள் ஏராளம். வளைகுடாவில் இந்தியைப் போல எல்லோருக்கும் புரியும் மொழி வேறு இல்லை. டாக்சி ஓட்டுபவர் பாகிஸ்தானியர், கடைக்காரர் வங்கதேசத்தவர், அலுவலகக் காரியங்களைப் பார்ப்பவர் மலையாளி. உள்ளூர் அரபிகளில் பலர் இந்திப் படம் பார்த்து வளர்ந்தவர்கள். சரி, தமிழில் திட்டுகிறேன் என்றால், மலையாளிக்குத் தமிழ் வசவு ஒன்றுவிடாமல் புரியும். இலங்கையரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதிலும் பட்டாணி (பதான்) ஓட்டுநர்களிடம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். நாம் பேச்சோடு பேச்சாக உதிர்க்கும் தாய் வசவு அவர்களுக்குக் குடும்ப மானம். ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு லாரியைப் பின்னால் எடுக்கும் தகராறில் நம் ஆள் ஒருவன் அந்தச் சொல்லைச் சொன்னான். அந்த ஓட்டுநர் கீழே இறங்கி வந்து, கத்தவில்லை. "இன்னொரு முறை சொல்" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கை நடுங்கியது. நானே குறுக்கே போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அரை மணி நேரம் ஆயிற்று அவர் முகம் மாற.

வசவு வேறு மொழிக் காதில் வேறாக விழும் என்பதற்கு, 2008 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் நடந்தது நினைவிருக்கும். ஹர்பஜன் சிங் ஆஸ்திரேலிய வீரர் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கு என்று சொன்னதாகப் புகார். மூன்று டெஸ்டுகளுக்குத் தடை. மேல்முறையீட்டை விசாரித்த நியூசிலாந்து நீதிபதி ஜான் ஹேன்சன் முன்னால், ஹர்பஜன் சொன்னது நம் நாட்டுத் தாய் வசவு, அது ஆங்கிலக் காதில் "மங்க்கி" என்று விழுந்திருக்கலாம் என்று வாதம் வைக்கப்பட்டது. டெண்டுல்கரும் சாட்சி சொன்னார். இனவெறிக் குற்றம் நிரூபிக்கப்படவில்லை, தடை நீங்கியது. ஆனால் வசைச்சொல் குற்றம் நின்றது, ஆட்டச் சம்பளத்தில் பாதி போனது. யோசித்துப் பாருங்கள். அவரைக் காப்பாற்ற ஒரு கிரிக்கெட் வாரியமும், வழக்கறிஞரும், உலகமே அறிந்த சாட்சியும் இருந்தார்கள். உங்கள் தம்பிக்கு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர்தான் இருப்பார். விசாரணை அரபியில் நடக்கும். இங்கே விளையாட்டாகச் சொல்லும் "போடா நாயே" அங்கே அரபியில் "கல்ப்" என்று எழுதப்படும். அந்த மொழியில் அது மிகக் கேவலமான வசை. போகிற பையன்கள் முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளும் அரபிச் சொற்கள் "கல்ப்", "ஹிமார்" இரண்டும்தான், நாயும் கழுதையும். தயவு செய்து அவற்றைக் கற்றுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். இதயத்துக்கான அரபிச் சொல்லும் நம் காதுக்கு ஏறக்குறைய அதே போலத்தான் கேட்கும். தொண்டையில் பிறக்கும் அந்த ஒலி நம் நாக்குக்கு எளிதில் வராது. அன்பாகச் சொல்ல நினைத்தாலும் அந்தச் சொல்லை விட்டுவிடுவதே நல்லது.

ஊரில் விடுமுறையில் இருக்கும்போது எழுதியதும் கணக்கில் வரும் என்பது பலருக்குத் தெரியாது. 2015-இல் அபுதாபியில் வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவர், தன் நாட்டில் இருந்தபோது முகநூலில் தன் நிறுவனத்தையும் அரபிகளையும் திட்டி எழுதினார். திரும்பி அபுதாபிக்கு வந்ததும் கைதானார். 2019-இல் பிரிட்டனிலிருந்து துபாய்க்கு வந்த ஒரு பெண்ணின் கதை இன்னும் விசித்திரம். முன்னாள் கணவரின் புது மனைவியைக் "குதிரை" என்று முகநூலில் எழுதியிருந்தார். எழுதியது 2016-இல், பிரிட்டனில் இருந்துகொண்டு. மூன்று ஆண்டு கழித்து அந்த முன்னாள் கணவரின் இறுதிச் சடங்குக்காக வந்தபோது பிடிபட்டார். கடைசியில் 3,000 திர்ஹம் அபராதத்தோடு விட்டார்கள். ஆனால் அதற்குள் அவர் மகளைப் பிரிந்து வாரக்கணக்கில் பாஸ்போர்ட் இல்லாமல் அங்கே தவித்துக் கிடந்தார். குதிரை என்பது நமக்கு வசவே அல்ல. எது வசவு என்பதைச் சொன்னவர் முடிவு செய்வதில்லை.

மதத்தைத் தொட்டால் நிலைமை வேறு. 2020 ஏப்ரலில், கொரோனா காலத்தில், முஸ்லிம்களை இழித்துச் சமூக ஊடகங்களில் எழுதிய இந்தியர்கள் சிலர் அமீரகத்தில் வேலை இழந்தார்கள். அப்போது நம் தூதராக இருந்த பவன் கபூர், பாகுபாடு நம் அறத்துக்கும் சட்டத்தின் ஆட்சிக்கும் எதிரானது, இந்தியர்கள் இதை எப்போதும் நினைவில் வைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். தூதரே அப்படிச் சொன்ன பிறகு தூதரகம் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க என்ன இருக்கிறது? தம்பி தாராவியில் எந்த வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறான் என்று பாருங்கள். அப்படிப்பட்ட செய்திகளைப் பகிரும் குழுக்களிலிருந்து போவதற்கு முன்பே வெளியேறச் சொல்லுங்கள்.

சைகைகளில் நடுவிரலை மட்டும் சொல்லி நிறுத்த முடியாது. செருப்புக் காலை எதிரே இருப்பவர் முகத்துக்கு நேராக நீட்டி உட்காரக் கூடாது. இது நமக்கும் தெரிந்த மரியாதைதான். 2008 டிசம்பர் 14 அன்று பாக்தாதில் பத்திரிகையாளர் முந்தழர் அல் ஜைதி அமெரிக்க அதிபர் புஷ் மீது இரண்டு ஷூக்களை எறிந்தபோது, அந்த அவமதிப்பை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவரை ஒற்றை விரலை மடக்கிக் கூப்பிடுவதும் கூடாது. விரல் நுனிகளை ஒன்றாகக் குவித்து மேல் நோக்கி அசைத்தால் அங்கே "கொஞ்சம் பொறு" என்று பொருள். அரபி அதிகாரி அப்படிக் காட்டினால் மிரட்டுகிறார் என்று நம் பையன்கள் தவறாக எடுத்துக்கொண்டு சூடாவதை நான் பார்த்திருக்கிறேன். சாலையில் யார் என்ன செய்தாலும் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். பல வண்டிகளில் கேமரா இருக்கிறது.

மற்ற நாடுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது போவார்கள் என்பதால் இரண்டு வார்த்தை. இது வளைகுடாவில் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியில் தண்டனைச் சட்டத்தின் 185-ஆவது பிரிவின்படி அவமதிப்பு குற்றம். அபராதம் அவரவர் நாள் வருமானத்தைக் கணக்கிட்டுப் போடப்படும். சிங்கப்பூரில் 2014-இல் வந்த தொல்லைத் தடுப்புச் சட்டத்தின்படி, பணியில் இருக்கும் அரசு ஊழியரை வசைபாடினால் 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதமும் 12 மாதம் வரை சிறையும் உண்டு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டு விரலை, உள்ளங்கை தன் பக்கம் இருக்கும்படி, வி போலக் காட்டுவது பழைய வசைச் சைகை. 1992-இல் அமெரிக்க அதிபராக இருந்த மூத்த புஷ் கான்பெராவில் தெரியாமல் அதைக் காட்டிவிட்டுச் செய்தியானார். அமெரிக்காவில் போலீஸ்காரரிடம் நடுவிரலைக் காட்டுவதுகூடப் பேச்சுரிமைக்குள் வரும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் விசாவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அந்த உரிமை வேலையைக் காப்பாற்றிக் கொடுக்காது.

அப்படியும் ஒரு நாள் வாய் தவறிவிட்டால் என்ன செய்வது? இதைத் தம்பியின் மனதில் நன்றாகப் பதிய வையுங்கள். ஓடி ஒளியக் கூடாது, ஊருக்கு டிக்கெட் எடுக்கவும் கூடாது. புகார் பதிவாகியிருந்தால் பயணத் தடை விழுந்திருக்கலாம். விமான நிலையத்தில் பிடிபட்டால் தப்பி ஓடப் பார்த்தவன் என்ற பெயரும் சேரும். அனுப்பிய செய்தியை அழிப்பதால் பயனில்லை, எதிரே இருப்பவரிடம் அது இருக்கிறது. "அவனும் என்னைத் திட்டினான்" என்று காட்டுவதற்காக வீடியோ எடுக்கவே கூடாது; அனுமதியில்லாமல் ஒருவரைப் படமெடுப்பதும் குரலைப் பதிவு செய்வதும் அதே இணையச் சட்டத்தில் தனிக் குற்றம். தனக்கு வந்த வசவுச் செய்தி இருந்தால் அப்படியே வைத்திருந்து போலீசிடம் மட்டும் காட்டலாம்.

செய்ய வேண்டியது, அன்றைக்கே மன்னிப்புக் கேட்பது. கேம்ப் பாஸ் (தங்குமிடப் பொறுப்பாளர்) அல்லது அந்த மனிதருடைய ஊர்க்காரர், மூத்தவர் ஒருவரை அழைத்துக்கொண்டு நேரில் போக வேண்டும். அவமதிப்பு வழக்கு பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் புகாரில்தான் உயிர் வாழ்கிறது; மூன்று மாதத்துக்குள் அவர் புகார் கொடுக்க வேண்டும், அவரே விட்டுக்கொடுக்கவும் முடியும். அந்த விட்டுக்கொடுக்கும் கடிதத்தை அங்கே "தனாசுல்" என்பார்கள். நான் போன நான்கு வழக்குகளில் மூன்று தனாசுலில் முடிந்தன. மூன்றிலும் மன்னிப்பு முதல் இரண்டு நாளுக்குள் போய்ச் சேர்ந்தது. நான்காவது பையன், "நான் ஏன் கேட்க வேண்டும், அவன்தான் முதலில் ஆரம்பித்தான்" என்று ஒரு வாரம் பிடிவாதமாக இருந்தான். அதற்குள் கோப்பு அரசு வழக்கறிஞர் மேசைக்குப் போய்விட்டது.

காவல் நிலையத்தில் அரபியில் எழுதிய தாளை நீட்டினால், மொழிபெயர்ப்பாளர் வரியாக வரியாகப் படித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது. மரியாதையாகக் கேட்டால் ஏற்பாடு செய்வார்கள். துபாயில் நம் துணைத் தூதரகத்தோடு சேர்ந்த பிரவாசி பாரதிய சஹாயதா கேந்திரா என்ற உதவி மையத்தில் சட்ட ஆலோசனை கேட்கலாம். இங்கே வீட்டில் இருக்கும் நீங்கள் வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" (MADAD) என்ற இணையதளத்தில் குறையைப் பதிவு செய்யலாம். அதற்குப் பாஸ்போர்ட் நகல், விசா நகல், வேலை ஒப்பந்த நகல் மூன்றும் உங்களிடம் இருக்க வேண்டும். அவன் புறப்படும் முன் எடுத்து வையுங்கள்.

இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அது குறைந்த காலம் அல்ல. இன்றிலிருந்து வீட்டில் இந்தி வசவு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கள்; திட்டிச் சொல்ல வேண்டாம், "வந்தது" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் வாரம் அவன் எத்தனை முறை சொல்கிறான் என்று கேட்டு அவனே திகைத்துப்போவான். வசவை வெறுமனே நிறுத்த முடியாது, அந்த இடத்தில் வேறொரு சொல் வேண்டும். வளைகுடாவில் அதற்கு எல்லோரும் வைத்திருக்கும் சொல் "கலாஸ்". முடிந்தது, போதும், விடு என்று எல்லாப் பொருளும் அதில் உண்டு. கோபம் ஏறும்போது கலாஸ் என்று சொல்லிவிட்டு இரண்டு அடி பின்னால் நகரப் பழகட்டும். கோபமாக இருக்கும்போது குரல் பதிவு அனுப்புவதில்லை என்று உங்களிடம் வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். சொல்ல வேண்டியதை எழுதி, முதலில் உங்களுக்கு அனுப்பட்டும். நீங்கள் படித்த பிறகு மேலாளருக்குப் போகட்டும். கல்யாணத்துக்குப் பணம் அனுப்பத் தவித்த அந்தப் பையனுக்கு, அன்று இரவு அப்படி ஒரு அக்கா போனில் இருந்திருந்தால் சம்பளம் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் வீட்டில்தான் இருப்பேன். தம்பியை அழைத்துக்கொண்டு வாருங்கள். ஒப்பந்தத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள், சம்பளத் தேதி எந்த வரியில் இருக்கிறது என்று காட்டிக் கொடுக்கிறேன்.